லூப் போட்ட பிறகு வெள்ளைப்படுகிறதா?

சர்க்கரை, பிரஷர், மூட்டு வலி எல்லாவற்றையும் பற்றி நாம் ரேஷன் கடை வரிசையில்கூடத் தாராளமாகப் பேசிக்கொள்கிறோம். "எனக்கு முந்நூறு இருக்கு, உனக்கு எவ்வளவு?" என்று பரீட்சை மார்க் கேட்பது போலக் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் வெள்ளைப்படுதல், அரிப்பு, துர்நாற்றம் என்று வந்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டோம். அதுவும் லூப் போட்டுக்கொண்ட பிறகு வந்ததென்றால் கேட்கவே வேண்டாம். "அப்பவே சொன்னேனே, கேட்டியா?" என்று யாராவது ஆரம்பித்து விடுவார்களே என்ற பயம் வேறு!

அதனால்தான் சகோதரிகளே, இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பத்தாவது வரை படித்த சாதாரணக் குடும்பப் பெண். வயது 46. எனக்கு நடந்ததையும், எங்கள் டாக்டரம்மாவிடம் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குப் பெரும்பாடு. மாதத்தில் பத்து நாள், சில மாதம் பன்னிரண்டு நாள். கட்டி கட்டியாகப் போகும். ராத்திரியில் பழைய புடவையை நாலாக மடித்து விரித்துப் படுத்தால்தான் மெத்தை தப்பும். ஹீமோகுளோபின் 7.8-க்கு இறங்கி, மாடிக்குத் துணி காயப்போடப் போனால் நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு போக வேண்டிய நிலைமை. முதலில் காட்டிய இடத்தில் ஸ்கேனைப் பார்த்த ஐந்தாவது நிமிஷமே, "ரெண்டு பெத்தாச்சு இல்லையா? கர்ப்பப்பையை எடுத்துட்டாத் தொல்லை விட்டுது" என்றார்கள். என்னமோ கத்தரிக்காய்க் காம்பை நறுக்கி எறிவது போல! நம் பக்கத்தில் இது சர்வ சாதாரணமாகி விட்டது. 2015-16-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், பக்கத்து மாநிலமான ஆந்திராவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 9 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. அவசியமில்லாமல் எடுப்பதைத் தடுக்க மத்திய அரசே 2022-ல் வழிகாட்டு விதிகள் போட வேண்டி வந்தது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறொரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் ஸ்கேனோடு நிற்காமல், கர்ப்பப்பையின் உள்சதையில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கெட்ட வியாதி எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான், "எடுக்க வேண்டாம்மா. ஹார்மோன் லூப் வச்சுப் பார்ப்போம். ஆறு மாசம் எனக்குப் பொறுமை குடுக்கணும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தின் அர்த்தம் பின்னால்தான் புரிந்தது!

லூப் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 1965-ல் நம் நாட்டுக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் லிப்பிஸ் லூப் வந்தது. பாம்பு நெளிந்த மாதிரி இருக்கும் வெறும் பிளாஸ்டிக். பிற்பாடு தாமிரக் கம்பி சுற்றிய காப்பர் டி வந்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடுவது அதைத்தான். வடிவம் மாறினாலும் நம் பேச்சில் எல்லாமே லூப்தான். நான் சொல்லும் ஹார்மோன் லூப் முதன்முதலில் 1990-ல் பின்லாந்து நாட்டில் விற்பனைக்கு வந்தது. அதுவும் டி எழுத்து வடிவம்தான். ஆனால் தாமிரம் கிடையாது. நடுத்தண்டில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்கிற ஹார்மோன் இருக்கும். ஆரம்பத்தில் தினம் சுமார் 20 மைக்ரோகிராம் வீதம் கசியும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் இருபது பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளியே கர்ப்பப்பையின் உள்சவ்வை மெல்லியதாக்கி விடுகிறது, கர்ப்பப்பை வாயில் ஊறும் சளியையும் கெட்டியாக்கி விடுகிறது. சவ்வு மெலிந்தால் உதிரம் குறைகிறது. சளி கெட்டியானால் கர்ப்பம் தரிப்பதில்லை. விலை காப்பர் டி போல அல்ல, சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

விளக்கு ஏற்றலாமா?

வைத்துக்கொண்ட அன்று இடுப்பைப் பிடித்து முறுக்கியது போல வலி. வெந்நீர்ப் பையும் ஒரு மாத்திரையுமாக அன்றைக்கே சமாளித்தாயிற்று. உண்மையான சோதனை அதற்கப்புறம்தான். பெரும்போக்கு நின்றது, ஆனால் நிற்கவும் இல்லை! தினம் தினம் காப்பிக் கறை போல ஒரு திட்டு. ஒருநாள் இல்லையே என்று சந்தோஷப்பட்டால் மறுநாள் சாயங்காலம் எட்டிப் பார்க்கும். இப்படி இரண்டரை மாசம்.

எங்கள் வீட்டில் இன்னும் வீட்டு விலக்குப் பார்ப்பவர்கள். இது தீட்டா, தீட்டில்லையா என்று ஒரு பெரிய சர்ச்சை கிளம்பியது. என் நாத்தனார் போனில், "கறை கறைதானே அண்ணி, சாமி ரூமுக்குப் போகாதீங்க" என்றாள். எழுபத்தெட்டு வயதான என் மாமியார் பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்தார். பதினாறாம் நாள், "இப்படி மாசக்கணக்குல ஒதுங்கி உக்காந்தா யாருடி சோறு பொங்குறது? அது மருந்துல வர்ற கறை. குளிச்சிட்டு விளக்கை ஏத்து" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எந்த சாஸ்திரத்தில் பார்த்தாரோ, புண்ணியவதி!

அந்த மருந்துக் கறை, வேறு ஒரு உபத்திரவத்துக்கும் வழி செய்தது. மூன்றாவது மாதத்தில் சாம்பல் நிறத்தில், நீர்த்த மாதிரி ஒரு போக்கு. அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை. ஆனால் மீன் கழுவின தண்ணீர் வாடை! கணவரோடு சேர்ந்த பிறகு அந்த வாடை இன்னும் அதிகம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு அடையாளத்தை விட்டுவிட்டால் கட்டுரை எழுதியே பிரயோஜனமில்லை. நாத்தனார் வெந்நீரில் கிருமிநாசினி கலந்து உள்ளே கழுவச் சொன்னாள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மூன்றாம் நாளே டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் துளி நீரை எடுத்து, பள்ளிக்கூடத்து லிட்மஸ் தாள் மாதிரி ஒரு காகிதத்தில் தடவினார். கண்ணாடித் துண்டில் இன்னொரு துளி வைத்து ஏதோ காரத்தைச் சொட்டியதும் அதே மீன் வாடை எழும்பியது. "சரி, இதுதான்" என்று தலையாட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது அவர் சொன்ன விளக்கத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஏனென்றால் அது நம் சமையலறைச் சமாச்சாரம்.

பாலில் உறை ஊற்றினால் தயிராகிறது அல்லவா? அந்தப் புளிப்பைக் கொடுக்கும் கிருமிகளில் லாக்டோபாசில்லஸ் என்று ஒரு குலம் உண்டு. அதே குலத்தைச் சேர்ந்த சொந்தக்காரர்கள்தான் நம் பிறப்புறுப்பின் உள்ளேயும் குடியிருக்கிறார்கள். உட்சுவரில் சேரும் ஒருவகை மாவுச்சத்தைத் தின்று, புளிப்பைச் சுரந்துகொண்டே இருக்கிறார்கள். அதனால் அந்த இடத்தின் அமில அளவு 3.8 முதல் 4.5 வரை, தயிர் போலவே புளிப்பாக இருக்கும். அந்தப் புளிப்பு இருக்கும்வரை கெட்ட கிருமிகள் அண்டாது. ரத்தமோ புளிப்பில்லாதது, அதன் அளவு 7.4. மாதத்தில் நாலைந்து நாள் ரத்தம் பட்டால் புளிப்புக் குறைந்தாலும், மிச்ச நாட்களில் பழையபடி ஏறிவிடும். தினமும் துளித்துளியாகப் பட்டுக்கொண்டே இருந்தால்? உறை ஊற்றின பாலை மணிக்கொருதரம் திறந்து தண்ணீர் விட்ட கதைதான். நல்ல கிருமி குறைந்து, மற்றவை பெருகிவிடும். ஆண் விந்துவும் புளிப்பில்லாததுதான். அதனால்தான் சேர்க்கைக்குப் பிறகு வாடை தூக்கலாக வருகிறது.

"அப்போ இந்த லூப்பால வந்த வினையா?" என்று கேட்டேன். "பாதி ஆமாம், பாதி இல்லை" என்றார். அந்த ஹார்மோன் நேரடியாக நல்ல கிருமிகளை அழிப்பதாக ஆராய்ச்சிகளில் நிரூபணமாகவில்லையாம். ஆரம்ப மாதங்களில் வரும் இந்தக் கண்ட நேரக் கறைதான் காரணமாகிறது. கறை அடங்கினால் இதுவும் பெரும்பாலும் அடங்கிவிடும். காப்பர் டி போட்டவர்களுக்கு மாதப் போக்கே அதிகமாகிவிடுவதால், இந்த வாடை உபத்திரவம் அவர்களிடம் இன்னும் கூடுதலாகவே காணப்படுகிறது. ஹார்மோன் லூப்போடு வரும் மருந்துக் குறிப்பிலேயே, சோதனையில் கலந்துகொண்ட பெண்களில் 100-க்கு சுமார் 15 பேருக்கு வெள்ளைப்போக்கும், 10 பேருக்குப் பிறப்புறுப்பில் அழற்சியும் ஏற்பட்டதாகப் போட்டிருக்கிறது. பொடி எழுத்தில்தான்! அதைப் படித்துக் காட்டிவிட்டு லூப் வைத்தால் பாதிப் பயம் அன்றைக்கே போய்விடும் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு மெட்ரோனிடசோல் மாத்திரை 7 நாள். வாயெல்லாம் தகரத்தைச் சப்பின மாதிரி ஒரு ருசி, ரசம்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் நாலாம் நாளே வாடை போயிற்று. லூப்பைக் கழற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குத் தகுந்தபடி மருந்து கொடுப்பார்கள். இன்னொரு புதுச் செய்தியும் உண்டு. இந்த நோய் வந்தவர்களுக்கு, கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்துப் பார்த்து, ஆஸ்திரேலியாவில் செய்த ஆராய்ச்சி 2025-ல் வெளியாயிற்று. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது மூன்று மாதத்துக்குள் 100-க்கு 63 பேருக்குத் திரும்பி வந்ததாம். இருவருக்கும் கொடுத்தபோது 35 பேருக்குத்தான் வந்ததாம். இத்தனை நாள் பெண்ணின் அசுத்தம் என்றே சொல்லி வந்ததற்கு இது நல்ல பதில்!

எல்லா வெள்ளையும் ஒன்றல்ல

வெள்ளைப்படுதலே வியாதி என்று நினைத்து, உடம்பு உருகுகிறது, எலும்பு கரைகிறது என்று பயப்படுகிறவர்கள் இன்னும் நிறைய. எலும்பெல்லாம் கரைவதில்லை. வாயில் எச்சில் ஊறுவது போல அங்கேயும் ஈரம் ஊறத்தான் செய்யும். வாடையில்லாமல், அரிப்பில்லாமல், தெளிவாகவோ பால் நிறத்திலோ இருந்தால் அது இயற்கை. ஹார்மோன் லூப் போட்டபின் கர்ப்பப்பை வாய்ச் சளி கெட்டியாகி விடுவதால், முன்பைவிடக் கொஞ்சம் திக்காக வெள்ளையாக வருவதும் உண்டு. அதற்கு வைத்தியம் தேவையில்லை.

தயிர்த் திப்பி போலத் திட்டுத் திட்டாக வந்து, பொறுக்க முடியாத அரிப்பும் எரிச்சலுமாக இருந்தால் அது வேறு. அது பூஞ்சைக் காளான். இதற்கு மீன் வாடை மாத்திரை பலிக்காது. இதன் மருந்தே தனி. ஏதாவது காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கும், சர்க்கரை இருப்பவர்களுக்கும் இது சட்டென்று பிடிக்கும். அடிக்கடி வந்தால் ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது முதல் வேலை. இந்தக் காளான் லூப்பிலும் அதன் நூலிலும் பாசி போலப் படிந்து ஒட்டிக்கொள்ளக் கூடியது. சர்க்கரையும் இல்லை, மருந்தும் ஒழுங்காகப் போட்டாயிற்று, அப்படியும் விடாமல் வருகிறது என்றால், லூப்பை எடுத்துவிடுவதைப் பற்றி டாக்டரோடு பேச வேண்டியதுதான். பச்சையாக நுரைத்துக்கொண்டு வந்தால் அது மூன்றாவது ரகம். கணவன் மனைவி இருவரும் ஒரே சமயத்தில் மருந்து சாப்பிட வேண்டும்.

வறட்சியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். லூப் போட்டால் அந்த இடம் காய்ந்துவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. இந்த ஹார்மோன் பெரும்பாலும் கர்ப்பப்பையோடு நின்றுவிடுவதால், கருமுட்டைப்பைகள் அநேகமாகத் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன. ஈரத்தைக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் நிற்பதில்லை. பிரசவமாகிப் பால் கொடுக்கும் தாய்க்கு வறட்சி இருந்தால், காரணம் பால் சுரப்பு, லூப் அல்ல. என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. லூப்பால் மாதவிடாயே நின்றுபோயிருக்கும்போது, வயதுக்குரிய நிரந்தர நிறுத்தம் வந்தாலும் நமக்குத் தெரியாது! உடம்பில் குப்பென்று அனல் அடிப்பதும், அந்த இடத்து வறட்சியும்தான் முதல் தந்தியாக வரும். அதை லூப் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக்கூடாது. அதற்கு நல்ல களிம்புகள் இருக்கின்றன.

கழுவுகிற கதைக்கு வருகிறேன். என் அக்கா மகளுக்கு 27 வயது, கைக்குழந்தைக்காரி. பிரசவமாகி ஆறு வாரம் கழித்து ஹார்மோன் லூப் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் கறை, அவளுக்கும் வாடை. நாத்தனார் எனக்குச் சொன்ன அதே யோசனையை அவளுக்கு யாரோ சொல்ல, பாவம், அவள் செய்தும் விட்டாள். இரண்டு வேளை கிருமிநாசினித் தண்ணீர் உள்ளே. எரிந்தது. எரிகிறதே, கிருமி சாகிறது போல என்று மூன்று வேளையாக்கினாள். மிச்சமிருந்த நல்ல கிருமிகளும் செத்து, தோல் வெந்து, சிறுநீர் போகும்போது அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். "பெரியம்மாவே சொல்லுங்க, சித்தி சொல்லுங்க, யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவள் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உள்ளே கழுவவே கூடாது. சோப்பு, கிருமிநாசினி, அதற்கென்றே அழகான சீசாவில் விற்கும் வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடைத்தால் போதும். உள்ளே இருப்பது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். தயிர் நல்லது என்று சொன்னேனே என்று தயிரை எடுத்துத் தடவிவிடாதீர்கள். அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள்!

கறை படும் மாதங்களில் ஒரே நாப்கினைக் காலையிலிருந்து ராத்திரிவரை வைத்திருப்பதும் தப்பு. கொஞ்சம்தானே பட்டிருக்கிறது என்று சிக்கனம் பார்ப்போம். பருத்தித் துணியானால் நாலைந்து மணிக்கொருதரம் மாற்றி, சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். கொல்லைப்புறம் மற்ற துணிக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டால் அது ஈரம் போகாமல் பூசணம் பிடிக்கும். இந்தக் காலத்துப் பெண்கள் கப் வைக்கிறார்கள். லூப் உள்ளவர்கள் அதை வெடுக்கென்று இழுத்தால் நூலும் கூடவே வந்து லூப் நகர்ந்துவிடலாம். காற்றை விடுவித்துவிட்டு மெதுவாக எடுக்க வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்?

லூப் வைத்த முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், அடிவயிற்றில் விடாத வலி, சீழ் மாதிரி நாற்றமுள்ள போக்கு இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கர்ப்பப்பைக்குள் தொற்று ஏறுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். நூல் கைக்குத் தட்டுப்படாமல் போனாலும், திடீரென்று நீளமானாலும், கெட்டியாகப் பிளாஸ்டிக் முனை தட்டினாலும் காட்டிவிட வேண்டும். நூல் குத்துகிறது என்று கணவர் சொன்னால் சண்டை போடாதீர்கள். டாக்டர் கத்தரித்துச் சரிசெய்து விடுவார். லூப் இருக்கும்போது கர்ப்பம் தரிப்பது மிக அபூர்வம். ஆனால் தரித்துவிட்டால் அது குழாயில் தங்கியிருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். அது உயிர் விஷயம்.

சேர்க்கைக்குப் பின் ரத்தம் படுவதையும், மாதக்கணக்காக நாற்றத்தோடு வரும் போக்கையும் "லூப் போட்டிருக்கேன், அதான்" என்று நீங்களாகவே சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றும் இப்படித்தான் தொடங்கும். 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில், கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற ஒரு திரவத்தைத் தடவிப் பார்க்கும் பரிசோதனை இலவசமாகவே செய்கிறார்கள். பத்து நிமிஷ வேலை. வலியும் இல்லை.

எனக்கு ஐந்தாம் மாதக் கடைசியில் கறை நின்றது. வாடை பிறகு வரவேயில்லை. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒன்றரை நாள் லேசாகப் படும். சில சமயம் அதுவும் இல்லை. ஹீமோகுளோபின் 11.6. கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. 5 வருஷ முடிவில் எடுக்க வேண்டிய தேதியை டாக்டரம்மா ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கேஸ் புத்தகத்தோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறேன்.

அக்கா மகள் கதை வேறு மாதிரி முடிந்தது. புண் ஆறி, வாடை போய், எல்லாம் சரியான பிறகும் அவளுக்கு அந்த நித்தியக் கறை ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தையைப் பார்ப்பேனா, இதைப் பார்ப்பேனா என்றாள். டாக்டரம்மா, "இன்னும் ரெண்டு மாசம் பார்க்கலாம். முடியலைன்னா வா, எடுத்துடறேன். இது உன் உடம்பு" என்றார். அவள் எட்டு வாரமும் காலண்டரில் கறை பட்ட நாளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தாள். முதல் மாதம் 19 புள்ளி, அடுத்த மாதம் 16. போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லையாம். எடுத்த மறு மாதமே கர்ப்பம் தரிக்க முடியும் என்பதால், வேறு வழியைக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.